மதியத்துக் கோடு

கோட்டம்மாவின் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறார் என்பது, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலவறைக்குள் இருக்கும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். போன் வேண்டாம், ஆள் வேண்டாம். சுவரோரம் சுழலும் உருளையில் முள் ஒரு துள்ளுத் துள்ளும். அவளும் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

அவள் வேலை பார்த்தது நில அதிர்வு நிலையத்தில். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய அரசாங்கக் கட்டடம், அதற்குக் கீழே பதினெட்டுப் படி இறங்கினால் ஒரு அறை, அறை நடுவே பாறையோடு சேர்த்துக் கட்டிய ஒரு சிமெண்டு மேடை, அதன் மேல் கருவி. பக்கத்தில் காகிதம் சுற்றிய உருளை. ஒரு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் காகிதம் நகர, மை முள் அதன் மேல் கோடு போட்டுக்கொண்டே போகும். பூமி சும்மா இருந்தால் கோடு நேராக ஓடும். பூமி அசைந்தால் கோடு அசையும். காலை ஒன்பது மணிக்குப் பழைய தாளை எடுத்துப் புதுத் தாளைச் சுற்றுவது, வளைந்த இடங்களை அளப்பது, பதிவேட்டில் எழுதுவது, இதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கோட்டம்மா என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. அவளே தன் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் கல்குவாரியில் வெடிக்காரர். காலையில் பாறையில் குழி போடுவார்கள். பகலில் குழிக்குள் மருந்து நிரப்புவார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சங்கு மூன்று முறை ஊதும். எல்லோரும் தள்ளிப் போனபின் வெடிக்காரர் தன் இடுப்பில் இருக்கும் சாவியை வெடிப்பெட்டியில் செருகித் திருப்புவார். பாறை சரியும். பிறகு சாப்பாடு. அந்தச் சாவியை அவர் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, கீழே வைக்கவும் கூடாது. சட்டம் அப்படி.

ஆக, மதியத்துக் கோடு என்றால் அது குவாரி. நிலையத்தில் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மற்ற நேரத்தில் முள் ஆடினால் பூதக்கண்ணாடி, அளவுகோல், கணக்கு எல்லாம் உண்டு. மதியம் ஆடினால் உயரத்தை மட்டும் அளந்து, பென்சிலால் பக்கத்தில் ‘கு’ என்று எழுதிவிட்டுக் கை கழுவப் போகலாம். குவாரியைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டதால், கோடு பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சுரங்க அலுவலகம் வரம்பு வைத்திருந்தது. அதனால் வாரா வாரம் வெள்ளிக்கிழமை அந்த உயரங்களை ஒரு சீட்டில் எழுதி அவர்களுக்கு அனுப்ப வேண்டும். கணவனின் வேலைக்கு மனைவி வாரம் ஒருமுறை மார்க் போடுகிற ஏற்பாடு. இரண்டு பேருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பிரச்சினை ஒரு திங்கட்கிழமை மாலை ஆரம்பித்தது. அவருடைய தங்கை, அதாவது கோட்டம்மாவின் நாத்தனார், பார்க்க வந்திருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அவருடைய முழங்கால் வலியில் வந்து நின்றது.

“அண்ணா, உனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே சர்வீஸ். ஓட்டிடுவியா?”

“ஓட்டாம? குவாரியிலே இன்னைக்கும் என் வெடிதான் வெடி.”

கோட்டம்மா சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“அதை நீங்க சொல்லக் கூடாதுங்க. காகிதம் சொல்லணும்.” நாத்தனார் பக்கம் திரும்பினாள். “கொஞ்ச நாளாவே உங்க அண்ணன் கோடு பத்தைத் தாண்டலை. வெடிக்கிறாரா, தும்முறாரான்னு நானே கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கு.”

நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவர் சிரிக்கவில்லை. தங்கை முன்னால், அதுவும் தும்மல் என்று. மறுநாள் காலையில் அவள் எடுத்து வைத்த சட்டையைப் போடாமல் வேறு சட்டையை அவரே தேடிப் போட்டுக்கொண்டார். டிபன் டப்பாவை எடுத்தார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. முந்தின நாள் சட்டையை அவள் மற்ற துணிகளோடு மெஷினில் போட்டு ஓடவிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று, செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு முள் துள்ளியது. வழக்கத்துக்கு ஏழு நிமிடம் முன்னால். அளந்தாள். இருபத்தொரு மில்லிமீட்டர்.

கோட்டம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஐம்பத்தாறு வயது மனுஷனுக்கு எவ்வளவு ரோஷம். தும்மல் என்றேன், இருமிக் காட்டிவிட்டார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தன்னை நினைத்து ஒருவர் பாறையைப் பிளந்திருக்கிறார் என்றால், கல்யாணமாகி முப்பது வருடம் கழித்து எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் குளிராது. பக்கத்தில் ‘கு’ என்று எழுதினாள். வழக்கமாக எழுதுவதைவிடக் கொஞ்சம் அழகாகவே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை சீட்டு எழுதும்போதுதான் கை தயங்கியது. இருபத்தொன்று. வரம்பு பதினைந்து. பதினாலு என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதானே. வரட்டும், கொஞ்சம் அடங்குவார் என்று இருபத்தொன்று என்றே எழுதி உறையில் போட்டாள்.

எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. திங்கட்கிழமை சுரங்க அதிகாரியே குவாரிக்கு வந்தார். வெடிப் பதிவேட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வெடிக்காரர் கைப்பட எழுதியிருந்தது: ‘மின்னல் அபாயம். வெடி இல்லை.’ மின்னல் நேரத்தில் வெடி வைக்கக் கூடாது என்பது விதி. அதிகாரி தன் பையிலிருந்து வானிலைத் தாளை எடுத்தார். செவ்வாய்க்கிழமை வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்திருக்கிறது. வரம்பு மீறியது ஒன்று, மீறியதை மறைத்துப் பொய் எழுதியது இன்னொன்று. வேலையாட்கள், “அன்னைக்கு வெடிக்கலைங்க ஐயா” என்றார்கள். “நீங்க இவர் ஆளுங்க. வேற என்ன சொல்வீங்க” என்றார் அதிகாரி. உரிமத்தை வாங்கி உறையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை விசாரணை. வெடிக்கவில்லை என்று நிரூபிக்க முடியாவிட்டால் உரிமம் ரத்து. உரிமம் இல்லாத வெடிக்காரர் குவாரியில் கல் பொறுக்கக்கூட முடியாது.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உன் சீட்டு வேலை செஞ்சிடுச்சு.”

விஷயத்தைக் கேட்டதும் அவரைத் தேற்றத்தான் நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

“ஏங்க, நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னா, அதுக்காக அவ்வளவு மருந்தா போடுவாங்க?”

“நான் வெடிக்கவே இல்லை.”

“இருபத்தொண்ணு, ஏங்க. என் கண்ணால பார்த்தேன்.”

“உன் கண்ணு, உன் காகிதம், உன் பென்சில். நான் சொல்றது மட்டும் பொய்.”

“அப்போ மின்னல்?”

அவர் எழுந்து போய் முகம் கழுவினார், மிக நீண்ட நேரம்.

அவள் மனதில் இரண்டு தரப்பும் வாதாடின. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கோடும் பொய் சொல்கிறது இல்லை. இந்த இரண்டில் ஒன்றை நம்பாமல் விட வேண்டும் என்றால், வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, அவள் கோட்டைத்தான் நம்பினாள்.

புதன்கிழமை காலை துணி போட்டாள். மெஷின் சுழலத் தொடங்கியதும் கடகடவென்று ஒரு சத்தம். ஒரு வாரமாகவே அந்தச் சத்தம் இருந்தது. பேரிங் போய்விட்டது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தாள். அன்று மனசு சரியில்லாததால் அங்கேயே நின்று கேட்டாள். பேரிங் என்றால் சத்தம் சீராக வர வேண்டும். இது ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு, வேகம் கூடினால் நின்றுவிடுகிறது, குறைந்தால் திரும்ப வருகிறது. ஏதோ ஒன்று தனியாக உருள்கிறது. மெஷினை நிறுத்தி, வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரலை விட்டாள். கனமான, குட்டையான ஒரு பித்தளைச் சாவி வந்தது.

ஈரக் கையோடு அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

“எங்கே இருந்துச்சு?”

“மெஷின் ரப்பருக்குள்ள. திங்கட்கிழமை போட்டிருந்த சட்டைப் பையில இருந்து விழுந்திருக்கு.”

“ம்.”

“வெடிப்பெட்டிச் சாவிதானே?”

“ம்.”

“அப்போ செவ்வாய்க்கிழமை இது இங்கே இருந்திருக்கு.”

“அதைத்தானே சொல்றேன். குவாரிக்குப் போய்த்தான் பார்க்கிறேன், இடுப்பிலே இல்லை. சாவியைத் தொலைச்ச வெடிக்காரன்னு எழுதச் சொல்றியா? முப்பத்தோரு வருஷத்திலே ஒருநாள் கீழே வெச்சதில்லை. ராத்திரி சட்டைப் பையிலே இருக்கும், காலையிலே இடுப்புக்கு மாத்துவேன். உன்மேல இருந்த கோவத்திலே அதை விட்டுட்டுச் சட்டையை மாத்தினேன் பாரு.” சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “மின்னல்னு எழுதினேன். அன்னைக்கு மேனேஜர் அலமாரி பூட்டியிருந்துச்சு. மறுநாள் அதிலேர்ந்து மாத்துச் சாவியை எடுத்துக்கிட்டேன். யாருக்கும் தெரியாது.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா அடுத்த தடவை என் தங்கச்சி வரும்போது அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பே.”

சொல்லியிருப்பாள்தான். 

மெஷினில் துணி பாதி நனைந்தபடி கிடந்தது. அவள் அப்படியே விட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினாள். சாவி வீட்டில் இருந்திருக்கிறது, வெடி வெடிக்கவில்லை. அப்படியென்றால் பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு முள்ளைத் துள்ள வைத்தது யார்?

செவ்வாய்க்கிழமைத் தாளை விரித்து, முதல்முறையாக அந்தக் கோட்டின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தாள்.

பூமிக்குள் எது உடைந்தாலும், வெடித்தாலும், அங்கிருந்து இரண்டு அலைகள் கிளம்பும். ஒன்று வரிசையில் நிற்பவர்களைப் பின்னாலிருந்து யாரோ தள்ளினால் அந்தத் தள்ளல் முன்னால் வரைக்கும் போகிற மாதிரி, பாறையைத் தள்ளிக்கொண்டே வரும். வேகமானது. மற்றது ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறுகிற மாதிரி, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே வரும். மெதுவானது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் தூரம் போகப் போக இடைவெளி கூடும். முன்னது வந்து எத்தனை வினாடி கழித்துப் பின்னது வருகிறதோ, அதை எட்டால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். இடி இடிக்கும்போது மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணிப் பார்ப்பது போலத்தான்.

குவாரி ஆறு கிலோமீட்டர். இடைவெளி ஒரு வினாடிகூட வராது. தாளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தக் கோட்டிலோ நான்கு மில்லிமீட்டர் இருந்தது, கண்ணாடி இல்லாமலே தெரிகிற நான்கு மில்லிமீட்டர். நாலெட்டு முப்பத்திரண்டு கிலோமீட்டர். முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரருக்கு எந்தக் குவாரியும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. கோடு முதலில் கீழே இறங்கியிருந்தது.

ஒரு நிலையத்திலிருந்து தூரம் தெரிந்தால், அந்த நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், அவ்வளவுதான். வட்டத்தின் எந்த இடம் என்று தெரியாது. இரண்டு வட்டம் போட்டால் இரண்டு இடத்தில் வெட்டும். மூன்றாவது வட்டம் வந்தால்தான் ஒரு இடம் கிடைக்கும். அதனால் மலையிலும் துறைமுகத்திலும் இருந்த மற்ற இரண்டு நில அதிர்வு நிலையங்களில், முதலில் மலை நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“செவ்வாய்க்கிழமை மதியமா? ஆமாங்க, ஒண்ணு இருக்கு,” என்றார் மலை நிலையத்துக்காரர். “சுரங்கப்பாதை வேலைன்னு எழுதியிருக்கேன்.”

“அளந்தீங்களா?”

“சுரங்கப்பாதையை எதுக்கம்மா அளக்கணும்?”

“கொஞ்சம் அளந்து சொல்லுங்க.”

காகிதம் சலசலத்தது.  “அஞ்சரை வினாடி வருதே. சுரங்கப்பாதை எங்க வாசல்லதான் இருக்கு.” அவர் குரல் சின்னதாகிவிட்டது.

துறைமுக நிலையத்தில் ஒரு பெண் எடுத்தாள். அவளுடைய தாளிலும் இருந்தது. பளுதூக்கி கன்டெய்னரைத் தொப்பென்று வைத்துவிட்டது என்று எழுதியிருந்தாள். ஏழு வினாடி. “ஐயோ அக்கா, அந்தப் பளுதூக்கிக்காரரை அன்னைக்கு நான் போன் போட்டுத் திட்டிட்டேன். அவர் பாட்டுக்கு மன்னிப்பு வேற கேட்டார்.”

மூன்று நிலையம். மூன்று பேரும் படித்தவர்கள், பொறுப்பானவர்கள். மூன்று பேரும் பூமியைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

வரைபடத்தில் காம்பஸ் வைத்து மூன்று வட்டமும் போட்டாள். மூன்றும் வெட்டிய இடத்தில் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. அதன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

“செவ்வாய்க்கிழமை மதியம் ஏதாவது அசைஞ்ச மாதிரி இருந்துச்சாங்க?”

“இருந்துச்சா இல்லையாவா? முட்டைத் தட்டெல்லாம் கலகலன்னு ஆடுச்சு. பக்கத்து மாவு மில்லுக்காரன் புது மெஷின் போட்டிருக்கான். அன்னைக்கு அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். நீங்க மில்லு ஆளா?”

“இல்லைங்க. மில்லை விட்டுடுங்க. அது பூமி.”

“எந்த பூமி?” என்றார் பண்ணைக்காரர்.

தாளையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் மாவட்டத்தின் நிலநடுக்க வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதில் சுற்றிலும் சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்க, நடுவில் அவர்கள் ஊரும் சுற்றுவட்டாரமும் வெள்ளை. அமைதி மண்டலம், அதாவது எப்போதாவது ஒன்றிரண்டு அதிர்வு மட்டும் வரும் இடம். அந்த வெள்ளையைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு ஒரு கேடயமும் கிடைத்திருந்தது. வெள்ளை எங்கிருந்து வந்தது? கோட்டம்மாவின் பதிவேட்டிலிருந்து.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது ஒண்ணுதானே?”

“இல்லைங்க ஐயா. பத்து வருஷம் முன்னாடி குவாரியிலே நாற்பது நாள் வேலைநிறுத்தம். அந்தத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அந்த நாற்பது நாள்ல மதியம் மூணு தடவை ‘கு’ போட்டிருக்கேன்.”

“அப்போ குவாரியிலே?”

“யாருமே இல்லை. எங்க வீட்டுக்காரர் மத்தியானமெல்லாம் வீட்டுல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தார். குறட்டை அவ்வளவு தூரம் எட்டாதுங்க ஐயா.”

இயக்குநர் வெகு நேரம் தன் கேடயத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கோட்டம்மா, நிதானமா யோசிங்க. சின்ன அதிர்வு. யாருக்கும் ஒரு தட்டுகூட உடையலை. குவாரின்னே இருந்துட்டுப் போகட்டுமே. உங்க வீட்டுக்காரருக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு கிடங்குல காவல் வேலை வாங்கித் தரேன். மழை வெயில் இல்லாத வேலை.”

“ஐயா, பூமியையும் கொஞ்சம் கேட்டுக்கணுமே,” என்றாள் அவள்.

வியாழக்கிழமை விசாரணை சுரங்க அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. நீள மேஜைக்கு ஒரு பக்கம் அதிகாரி, எதிரே வெடிக்காரர், ஓரத்தில் இயக்குநர். கோட்டம்மா நின்றுகொண்டே தாளை விரித்தாள். உரிமம் இருந்த உறை அதிகாரியின் கைக்குக் கீழே இருந்தது. அவள் அந்த உறையைப் பார்க்காமல் பேச முயன்றாள்.

நான்கு வினாடி, ஐந்தரை வினாடி, ஏழு வினாடி. மூன்று வட்டம். எல்லாவற்றையும் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, சந்தேகப்படச் சம்பளம் வாங்குபவர்.

“அம்மா, போன வெள்ளிக்கிழமை இதே கோட்டைக் குவாரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க. இன்னைக்கு இல்லைங்கறீங்க. நடுவுல உங்க வீட்டுக்காரர் உரிமம் போயிருக்கு. நீங்க மனைவிங்கறதால சொல்றீங்கன்னு நான் நினைச்சா தப்பா?”

“தப்புதான் ஐயா. மனைவிங்கறதாலதான் அன்னைக்குக் குவாரின்னு எழுதினேன். வேற யாரோட புருஷனா இருந்திருந்தா அளந்திருப்பேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“முந்தின நாள் அவர் வெடியைக் கேலி பண்ணினேன். மறுநாள் கோடு உயரமா வந்துச்சு. என் மேல கோவம்னு நினைச்சுட்டேன். கோவத்தை எதுக்கு அளக்கணும்னு விட்டுட்டேன். இருபத்திரண்டு வருஷமா மதியம் வந்த எந்தக் கோட்டையும் நான் இடைவெளி பார்த்ததில்லை. அதையும் எழுதிக்கோங்க.”

வெடிக்காரர் தலை குனிந்து இருந்தார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது.

“இன்னொரு விஷயம்,” என்று அவள் கோட்டின் தொடக்கத்தில் பென்சில் முனையை வைத்தாள். “இது முதல்ல கீழே போயிருக்கு. வெடி தரையை வெளியே தள்ளும். எங்கே நின்னு பார்த்தாலும் கோடு முதல்ல மேலேதான் போகும். இங்கே கீழே போயிருக்கு. மத்த ரெண்டு நிலையத்துல மேலே போயிருக்கு.”

அதிகாரி வெடிக்காரரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. வெடி இழுக்குமா?”

அந்த அறைக்கு வந்ததிலிருந்து அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்த மனிதனுக்கும் முதுகு நேராகிவிடும்.

“முப்பத்தோரு வருஷமா வெடிக்கறேன் ஐயா. தள்ளும். ஒரு தடவைகூட இழுத்ததில்லை.”

“அப்போ இது எப்படி இழுத்துச்சு?”

கோட்டம்மா மேஜை மேல் இருந்த இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினாள். உராய்ந்து நின்றன. இன்னும் அழுத்தினாள். திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடின. அதிகாரியின் தண்ணீர்க் குவளை ஆடியது.

“பூமியோட பாறைத் தட்டெல்லாம் நகம் வளர்ற வேகத்துல நகருது ஐயா. விரிசல்ல ரெண்டு பக்கமும் சிக்கிக்கிட்டு நிக்கும். வருஷக்கணக்கா பொறுத்துக்கிட்டு இருக்கும். பொறுக்க முடியாத அன்னைக்கு ஒரே வழுக்கு. எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் இருக்கிறவங்களைத் தள்ளும். பின்னால இருக்கிறவங்களை இழுக்கும். நாம பின்னால இருந்திருக்கோம்.”

“எவ்வளவு பெரிசு?”

“ரிக்டர்ல ரெண்டு புள்ளி ஒன்பது. இவர் வெடி ஒண்ணு புள்ளி ஒன்பது. ஒண்ணுதானே வித்தியாசம்னு தோணும். ஆனா ஒரு எண் கூடினா சக்தி முப்பத்திரண்டு மடங்கு. இவர் ஒரு மாசத்துக்கு மேல வெடிக்கிற மருந்தை ஒரே நாள்ல வெடிச்சிருக்கணும். என் மேல அவ்வளவு கோவம் அவருக்கு இல்லைங்க.”

இதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அதற்குப் பிறகு அதிகாரி மின்னலைப் பற்றிக் கேட்டார். வெடிக்காரர் சாவியை எடுத்து மேஜையில் வைத்து, சட்டை, மெஷின், அலமாரி எல்லாவற்றையும் சொன்னார். பொய் எழுதியதற்கு ஒரு கடுமையான எழுத்து எச்சரிக்கை கிடைத்தது. இனிமேல் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் வெடிக்காரர் நில அதிர்வு நிலையத்துக்குப் போன் செய்து, உரிம எண்ணைச் சொல்லி, அனுமதி வாங்கிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும், நிலையத்தில் ஒவ்வொரு கோட்டையும் முழுவதுமாக அளக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு உத்தரவும் வந்தது. பிறகு அதிகாரி உறையைத் திறந்து உரிமத்தை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினார். வெடிக்காரர் அதைச் சட்டைப் பையில் வைக்கப் போனார், யோசித்தார், கையிலேயே வைத்துக்கொண்டார்.

நிலையத்தில் இயக்குநர் கோட்டம்மாவுக்குக் கொடுத்த தண்டனை, இருபத்திரண்டு வருடத் தாள்களையும் திரும்ப அளப்பது. அவள் சந்தோஷமாக முதல் கட்டை அவிழ்த்தாள். முதல் இரண்டு நாளிலேயே இன்னும் நான்கு கிடைத்தன. சுவரில் இருந்த வெள்ளையின் மேல் இயக்குநர் தன் கையாலேயே ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி வைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

செய்தி வெளியே போனதும் ஊர் இரண்டுபட்டது. ‘திடீரென நடுங்கத் தொடங்கிய பூமி’ என்று செய்தித்தாள் போட்டது. பூமி திடீரென்று எதையும் தொடங்கவில்லை. அது பாட்டுக்கு இத்தனை வருடமும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மற்ற நேரத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடம் எதுவும் தெரியாமல் தூங்கிய ஜனங்கள், ஒரு பென்சில் எழுத்து மாறியதும் கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, அடுத்தது எப்போ வரும்?”

“அது யாருக்கும் தெரியாது. எங்கே வரும்னு ஓரளவு சொல்லலாம். என்னைக்கு வரும்னு உலகத்துல ஒருத்தராலயும் சொல்ல முடியாது.”

“இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்து என்னதான் பண்றீங்க?”

“வந்துட்டுப் போனதை எழுதறோம்.”

“அதுக்கு அந்தப் பென்சிலைச் சும்மாவே வெச்சிருக்கலாம். நாங்க நிம்மதியா இருந்திருப்போம்.”

“உங்க அண்ணன் இருந்திருக்க மாட்டாரே,” என்றாள் கோட்டம்மா. “கட்டிலை உள்ளே போடு. அலமாரியைச் சுவரோட சேர்த்து ஆணி அடி. அது போதும்.”

திங்கட்கிழமை பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு நிலவறையில் போன் அடித்தது. அவள் பதிவேட்டில் புதிதாகக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு ரிசீவரைத் தூக்கினாள்.

“நில அதிர்வு நிலையம்.”

“குவாரியிலேர்ந்து பேசறேன்.”

“யார் பேசறது?”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “முப்பது வருஷத்துக்கு அப்புறம் இந்தக் கேள்வியா?”

“எழுதணும். சொல்லுங்க.”

“வெடிக்காரர்.”

“எத்தனை குழி?”

“இருபத்திநாலு. மருந்து வழக்கம்போல. கோவம் எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கோ.”

“அதுக்குக் கட்டம் இல்லைங்க. உரிம எண்?”

அவர் சொன்னார். எட்டு எண்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்கவில்லை, மனப்பாடமாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு எண்ணாக, நடுவில் இடம் விட்டு, வேறு யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி நிதானமாகச் சொன்னார். அவள் ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு கட்டத்தில் எழுதினாள். எட்டும் பிசகில்லாமல் விழுந்திருந்தன.

“சரியா விழலை,” என்றாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”